கேட்காமல் நிரப்பிய கட்டம்

"மிஸ், உங்களாண்ட கண்ணாடி கீதா?"

மல்லிகா இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் தாலுகா ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். ஜூன் பிறந்தும் வெயில் இறங்கவில்லை. அவர் கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. பக்கத்து ஃபேன்சி கடையில் அப்போதுதான் வாங்கியிருந்தார்.

என் கைப்பையில் கண்ணாடி இல்லை. முட்டிவலித் தைலமும், மூக்குக்கண்ணாடிக் கூடும், எங்கள் தலைமையாசிரியர் முத்திரை வைத்துக் கொடுத்த கடிதம் ஒன்றும்தான் இருந்தன.

"அப்போ நீங்களே வெச்சு வுடுங்க மிஸ். வெச்சு நாலஞ்சு வருசம் ஆவுது. எடமே மறந்து பூட்ச்சு" என்று முகத்தை நீட்டினார்.

நான் கிறிஸ்தவள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் பொட்டு வைத்ததில்லை. மல்லிகா, ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு பொட்டை விட்டவர். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி இன்னொருத்திக்கு நடுத்தெருவில் பொட்டு ஒட்டிவிட வேண்டிய நிலை வந்ததற்குக் காரணம் நான்தான். ஒரு படிவத்தில், ஒரு கட்டத்தில், நான் எழுதிய ஒரு சொல்.

கட்டைவிரலால் பொட்டை அழுத்தினேன். வியர்வையில் நழுவியது. முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

"நேரா கீதா மிஸ்?"

"இருக்கு" என்றேன். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. சரிசெய்ய எனக்குத் தெம்பில்லை.

ஒரு பாராட்டு

எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த ஒடியா பேசும் பையனைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம், படப்பையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி பத்திரிகையில் என் எண்ணை வாங்கிப் பேசினார். "கிறிஸ்டியன் டீச்சருங்கன்னாலே எல்லாப் பிள்ளைங்களையும் சமமாத்தான் நடத்துவாங்க மேடம்" என்றார்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பாராட்டு யாருக்குக் கசக்கும்? போனை வைத்தபிறகுதான் அந்தச் சாய்ந்த பொட்டு ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் வேறு எதையோ எழுதுவதாக இருந்ததை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் கணக்கு டீச்சர். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். பிள்ளைகளின் கூச்சல், பஸ் நெரிசல், மாடிப்படி எல்லாமே இப்போது களைப்பாக இருக்கிறது. நான் நல்லவள் என்று மற்றவர்கள் சொல்வதும் அதில் சேர்ந்துவிட்டது.

செல்வி எழுந்து நின்றாள்

நான் படித்த காலத்தில் கிளாஸ் டீச்சர் நோட்டுடன் வந்து, "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் யார் யார் காலனியிலிருந்து வருகிறார்கள் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

என் பக்கத்தில் செல்வி என்று ஒரு பெண் இருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே பென்சிலை இரண்டாக ஒடித்து எழுதியவர்கள். அவள் எழுந்து நிற்கும்போது பாவாடை மடிப்பை இரண்டு விரலால் நீவிக்கொண்டே இருப்பாள். டீச்சர் எண்ணி முடிக்கும்வரை தலை நிமிராது. உட்கார்ந்ததும் என்னிடம் ஏதாவது சிரித்துப் பேசுவாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. நானும் ஒன்றுமே பார்க்காத மாதிரி சிரிப்பேன்.

நான் டீச்சராகி என் கையில் நோட்டு வந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். என் வகுப்பில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. மதம் என்ன, பிரிவு என்ன என்று எந்தப் பிள்ளையிடமும் என் வாயால் கேட்பதில்லை. எனக்குப் பிள்ளைகளைத் தெரியும், நானே நிரப்பிக்கொள்வேன்.

இதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. என்னை யாரும் எழுந்து நிற்கச் சொன்னதே இல்லை. எங்கள் குடும்பம் கோயிலில் முன்வரிசை பெஞ்சில் உட்காரும் குடும்பம். சாதி பார்க்க மாட்டேன் என்று சொல்வது எனக்குச் செலவில்லாத காரியமாக இருந்தது.

பாலு சாரின் பீரோ

எங்கள் பள்ளியின் கிளார்க் பாலு சார். நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, "அப்பா சர்ட்டிபிகேட் எங்க? என்ன கம்யூனிட்டி?" என்று கேட்பார். ஜெராக்ஸ் வாங்கி, பெயர் எழுதி, பச்சை பீரோவில் அடுக்கி வைப்பார்.

எனக்கு அது பிடிக்காது. இந்தக் காலத்திலும் சின்னப் பிள்ளைகளிடம் சாதி கேட்கிற மனிதர் என்று ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றிக் கிண்டலாகப் பேசியிருக்கிறேன். அவர் காதுக்கும் அது போயிருக்கும்.

ஒரு வருடம் நான் பத்தாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சர், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டியிருந்தது. பெயர், பிறந்த தேதி, மதம் எல்லாம் கிளாஸ் டீச்சர்தான் நிரப்பித் தர வேண்டும். மேல்நிலை முடித்துப் போகும்போது மாற்றுச் சான்றிதழிலும் அதேதான் ஏறும்.

"மிஸ், பீரோல பைல் இருக்கு. ஒருதடவை பார்த்துட்டு எழுதுங்க. இல்ல, பசங்களையாவது கூப்ட்டுக் கேளுங்க" என்றார் பாலு சார்.

"என் பசங்கள எனக்குத் தெரியாதா சார்?" என்றேன்.

அன்று மத்தியானம் ஒரே மூச்சில் நாற்பது பேருக்கும் நிரப்பினேன். வெண்ணிலாவின் பெயர் வந்தபோது பேனா நிற்கவே இல்லை. மதம் என்ற கட்டத்தில் 'கிறிஸ்தவம்' என்று எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

வெண்ணிலா மல்லிகாவின் மகள். அவளைக் கிறிஸ்தவப் பெண் என்று நான் எப்படி முடிவு கட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் மாடியில் சிற்றாலயத்துக்கு வேத வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்களுக்குக் கீழே வராந்தாவில் நீதிபோதனை. விரும்பினால் யாரும் மாடிக்கு வரலாம், கட்டாயம் இல்லை. பல வருடங்களாக வேத வகுப்பை எடுப்பது நான்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு வெள்ளிக்கிழமை வெண்ணிலா தானாகவே படியேறி வந்து வாசலில் நின்றாள். "உள்ள வரலாமா மிஸ்?" என்றாள். அடுத்த வாரமும் வந்தாள். பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. நல்ல குரல். கிறிஸ்துமஸ் விழாவில் தனியாகப் பாடினாள். அதற்கு வந்திருந்த மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் ஜெபக்கூடத்துக்குப் போகிற கதையைக் கண் கலங்கச் சொன்னார்.

ஒரு பிள்ளை தானாகத் தேடி வந்தது என்பதில் எனக்கு எவ்வளவு ஆனந்தம்! அடக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அப்பா என்று ஒருவர் இருக்கிறார், அவர் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், இவளும் அப்பாவுடன் சொம்பு எடுத்துக்கொண்டு போகிறவள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

பட்டியலைச் சரிபார்க்கப் பெற்றோரை வரவழைத்தோம். மல்லிகா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர். யூனிஃபார்முடனே ஓடி வந்தார். நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். "நீங்க எய்தினா சரியாத்தான் மிஸ் இருக்கும்" என்றார். வெண்ணிலாவும் பட்டியலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

நிறுத்தி வைத்த மனு

இரண்டு வருடம் கழித்து வெண்ணிலா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். நர்சிங் படிக்க ஆசை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் படிப்பு, வெளியில் பணம் கட்டிப் படிக்க வைக்க அந்த வீட்டில் வழியில்லை. அவள் பெயரில் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதுவரை எங்கும் அப்பாவின் பழைய சான்றிதழ் நகலைக் காட்டியே ஓட்டியிருந்தார்கள். அதில் இந்து ஆதிதிராவிடர் என்று இருந்தது.

இ-சேவை மையத்தில் மனு போட்டார்கள். மனு வருவாய் ஆய்வாளரிடம் போய் நின்றுவிட்டது. அப்பாவின் சான்றிதழில் இந்து, மகளின் மாற்றுச் சான்றிதழில் கிறிஸ்தவம். கிறிஸ்தவத்துக்கு மாறியவர் என்றால் ஆதிதிராவிடர் பட்டியலில் வர முடியாது என்பது சட்டம். அந்தச் சட்டம் சரியா தப்பா என்று பெரியவர்கள் கோர்ட்டில் வாதாடட்டும். இங்கே ஒரு பெண்ணுக்குக் கவுன்சிலிங்குக்குச் சில நாட்களே இருந்தன.

மல்லிகா என் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மிஸ் இப்டி பண்ணிட்டீங்க? ஆபீஸ்ல போனா, ஸ்கூல்ல அப்டித்தான் எய்தி கீதுன்றாங்க. எம் பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல."

மறுநாள் பள்ளியில் பாலு சார் பீரோவைத் திறந்து ஒரு நிமிடத்தில் அப்பாவின் ஜெராக்ஸை எடுத்தார். மூன்று வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது. திருத்தக் கடிதம் அடித்து முடிக்கும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் கேக்கறது உங்களுக்கு அசிங்கமா தெரியுது மிஸ். எங்க அண்ணன் பையனுக்கு ஒருத்தர் கேக்காம எழுதிட்டாரு. ஒரு வருஷம் வீணாப் போச்சு. அதுலேர்ந்துதான் கேக்கறேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். ஸ்டாஃப் ரூமில் சிரித்ததற்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

காதைப் பார்த்தார்

முந்தின நாளே வெண்ணிலாவின் அப்பா தாலுகா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், இரண்டாவது நாள் லீவு கிடைக்கவில்லை. அம்மாவும், பள்ளியிலிருந்து யாராவது ஒருவரும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் நானும் மல்லிகாவும் அந்த ஜெராக்ஸ் கடைக்குக் கீழே நின்றது. பொட்டு வாங்கலாம் என்பது மல்லிகாவின் யோசனை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

வருவாய் ஆய்வாளர் முப்பது வயதுகூட இருக்காத பெண். மேஜை நிறையக் காகிதம், சாப்பிடாத டிபன் டப்பா ஒன்று ஓரத்தில். கடிதத்தைப் படித்தார். மல்லிகாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார்.

பொட்டை யோசித்த நாங்கள் இரண்டு பேரும் தோட்டை யோசிக்கவில்லை. மல்லிகாவின் சபையில் நகை போடுவதில்லை. தூர்ந்துபோன இரண்டு துளைகளும் பொட்டுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தன. எனக்கும் காதில் ஒன்றும் இல்லாமல் பார்த்துப் பார்த்துப் பழகிய முகங்கள்தானே, கண்ணில் படவே இல்லை.

"தோடு போடலையாம்மா?"

"வேலை செய்ற எடத்துல போடக் கூடாதுன்ட்டாங்க மேடம்" என்றார் மல்லிகா.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், இவங்க ஜெபக் கூட்டத்துக்குப் போறாங்களா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

பொய். கிறிஸ்துமஸ் விழாவில் என் கையைப் பிடித்து அழுத பெண்ணைப் பற்றி, வேத வகுப்பு எடுக்கிற நான், பொய் சொன்னேன். மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படவில்லை. அவருக்கும் களைப்புதான்.

"பயப்படாதீங்க. அம்மா எங்க போய்க் கும்பிட்டா எனக்கென்ன? பொண்ணுக்கு அப்பா வழிதான். அப்பா மாறலை, பொண்ணும் ஞானஸ்நானம் எடுக்கலைன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. தெருவுல விசாரிச்சாச்சு, அதுவும் சரியா இருக்கு. ஸ்கூல்ல கிறிஸ்டியன்னு போட்டிருந்ததாலதான் நான் கேக்கவே வேண்டி வந்தது. இந்தக் கடிதம் ஒண்ணு போதும் மிஸ்." கொஞ்சம் நிறுத்தி, மல்லிகாவிடம், "பொட்டு இப்பதான் ஒட்டினதா? கோணலா இருக்கு பாருங்கம்மா" என்றார்.

படிக்கட்டில்

வெளியே வந்ததும் மல்லிகா பொட்டை நகத்தால் பிய்த்தார். எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் விரலிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அட்டையிலேயே பழைய இடத்தில் ஒட்டினார்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். மல்லிகா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த எம் பொண்ணாண்ட கேட்டிருந்தா இன்னா மிஸ்?" என்றார்.

சான்றிதழ் வந்தது. கவுன்சிலிங்கில் இடமும் கிடைத்தது. இனிப்புடன் வீட்டுக்கு வந்த வெண்ணிலாவை உட்கார வைத்து, இரண்டு வருடம் தாமதமாக, நான் கேட்டேன். "பட்டியல்ல கிறிஸ்தவம்னு போட்டிருந்ததப் பார்த்தியேம்மா. ஏன் சொல்லல?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டாள்.

"இந்துன்னு சொன்னா திரும்ப வராந்தாவுக்கு அனுப்பிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு மிஸ்."

"வராந்தாவா?"

"அங்க தரையிலதான உக்காரணும். மாடியில பெஞ்ச் இருக்கும், ஃபேன் இருக்கும். நைன்த்ல எனக்கு மாசா மாசம் வயித்து வலி ரொம்ப வரும் மிஸ். அந்த நாள்ல தரையில உக்கார முடியாது. அதான் மொதல்ல மேல வந்தேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "பாட்டு நெஜமாவே பிடிச்சுது மிஸ். அது பொய் இல்ல."

நான் எழுந்து போய் அடுப்பில் பாலை வைத்தேன். அவள் முன்னால் அழ எனக்கு வெட்கமாக இருந்தது.

எத்தனை வெள்ளிக்கிழமை அந்த வராந்தாவைத் தாண்டி மாடி ஏறியிருக்கிறேன்! சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மத்தியான வெயில் பாதி வராந்தாவரை ஏறியிருக்கும். என்னைப் பார்த்ததும் எல்லாரும் சேர்ந்து "குட் ஆஃப்டர்நூன் மிஸ்" என்பார்கள். நானும் சொல்லிவிட்டு மேலே பெஞ்சுக்கும் ஃபேனுக்கும் போய்விடுவேன். என் வகுப்பில் யாரையும் எழுந்து நிற்க விட்டதில்லை என்ற பெருமையோடு.

வராந்தாவுக்குப் பெஞ்ச் கேட்டுத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். அதனால் அதுவரைக்கும் இப்படிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒரு வாரம் நீதிபோதனைப் பிள்ளைகள் மாடிக்கு, வேத வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவுக்கு. அடுத்த வாரம் மாற்றி. தரையில் உட்கார முடியாத பிள்ளை எந்த வாரமும் மாடிக்குப் போகலாம், காரணம் கேட்க மாட்டோம். பட்டியலுக்கு மட்டும் ஒவ்வொரு பிள்ளையையும் பாலு சாரின் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, பைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன். சிலர் தலையைக் குனிகிறார்கள். அப்போது செல்வி ஞாபகம் வருகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை வராந்தா எங்கள் முறை. முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். போன முறை உட்கார்ந்தபின் எழுந்திருக்கவே முடியவில்லை, இரண்டு பிள்ளைகள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.